துணைவருக்கான கட்டம்

ஜூலை 27
சான் டியேகோ

வெஸ்லி,

'அன்புள்ள' என்று ஆரம்பித்த தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். நேற்றுப் பேச்சின் நடுவில் போனை வைத்ததற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. இனிமேல் போனில் பேசுவதாகவும் இல்லை. நீ சிரித்துப் பேசுகிறாய், நான் இளகிவிடுகிறேன். மறுநாள் யோசித்தால், கேட்ட கேள்வி ஒன்றுக்கும் நீ பதில் சொல்லவில்லை என்று தெரிகிறது. எழுத்தில் கேட்கிறேன். எழுத்தில் சொல்.

நான் ஒரு மாதப் பயிற்சிக்கு வந்திருக்கும் இந்தக் கடற்படை ஆஸ்பத்திரியில், செவ்வாய்க்கிழமை காலை, முதல் ஆபரேஷனுக்கு முன்னால் மருந்து ஊசிகளில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் லெஃப்டினன்ட் ரென்ஷா. இங்கே மயக்கவியல் மூன்றாம் வருடம் படிக்கிறாள். எதேச்சையாகச் சொல்வது போல ஆரம்பித்தாள்.

"நீயும் அந்த ஓகாம்போவும் ஜோடிதானே மேவ்? அவன் போர்ட்ஸ்மவுத்துல போய், 'இதுதான் எனக்கு முதல் இடம்'னு சொல்லிட்டு வந்தானாமே? நாங்க அவனை எங்க ஊர்ப் பையன்னு நெனச்சிட்டிருந்தோம்."

"அப்படியா? எனக்கே தெரியாதே" என்றேன். ஒரே ஊசியில் இரண்டு லேபிள் ஒட்டியிருந்தேன். அவள் ஒன்றைக் கிழித்துப் போட்டாள்.

நியூபோர்ட்டில் ஐந்து வார அதிகாரிப் பயிற்சியின்போது, மழையில் பூட்ஸ் காயாமல் உட்கார்ந்திருந்த இரவு நீ சொன்னது நினைவிருக்கிறதா? கடற்படை நம் மருத்துவக் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுகிறது, பதிலுக்கு ஆளுக்கு நான்கு வருடம் உழைப்பை எடுத்துக்கொள்ளும். எங்கே, எந்தத் துறையில் என்பதெல்லாம் அவர்கள் இஷ்டம். நம் கையில் இருப்பது ஒரு விருப்பப் பட்டியல் மட்டும், அதில் இருவரும் சான் டியேகோ மயக்கவியலையே முதலில் எழுதுவோம் என்றாய். யோசனை உன்னுடையது. உன் ஊர் அது, என் ஊர் இல்லை.

நம் பட்டியல் ஒன்றும் ரகசியமில்லை. சாதாரண ஆஸ்பத்திரிகளுக்கு விண்ணப்பிக்கும் என் வகுப்புப் பிள்ளைகள் பத்து இடத்தில் 'நீங்கள்தான் முதல்' என்று சொல்லித் தப்பிக்கலாம். நமக்கு நவம்பரில் சான் டியேகோ, போர்ட்ஸ்மவுத் உட்பட மூன்று ஊர்க் கடற்படை ஆஸ்பத்திரிகளின் பிரிவுத் தலைவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, நம் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவார்கள். அங்கே நீ பொய் சொன்னது தெரிந்தால் உன்னோடு சேர்த்து என்னையும் சந்தேகிப்பார்கள்.

உன் பட்டியலில் முதலில் எந்த ஊர்?

மேவ்

ஆகஸ்ட் 5
பிலடெல்பியா

அன்புள்ள மேவ்,

நான் 'அன்புள்ள' என்றே எழுதுகிறேன், கசக்க மனசில்லை.

போர்ட்ஸ்மவுத்தில் நடந்தது இவ்வளவுதான். பிரிவுத் தலைவர் என் தோளில் கை வைத்து, "எங்களை எங்க வெச்சிருக்கப்பா?" என்று கேட்டார். அந்தக் கை தோளில் இருக்கும்போது 'இரண்டாவது' என்று சொல்ல எனக்கு வரவில்லை. "ரொம்ப மேல சார்" என்றேன். அது கலிஃபோர்னியா போய்ச் சேருவதற்குள் 'முதல்' ஆகிவிட்டது. இந்தக் கடற்படையில் அதிகாரபூர்வத் தகவல் மட்டும்தான் மெதுவாகப் போகிறது.

ஒன்று நான் கேட்கலாமா? ரென்ஷா உன்னிடம் இதை ஏன் சொன்னாள்? அங்கே ஆறு இடம்தான், ஜோடியாகப் போனால் நாமே இரண்டைக் கேட்போம். நாம் இருவரும் சண்டை போட்டுப் பிரிந்தால் அவர்களுக்கு ஒரு தலைவலி குறையும். நீ அதை யோசிக்கவே இல்லை. என்னைத்தான் சந்தேகப்பட்டாய்.

அம்மா போன் செய்தாள். "அந்தப் பொண்ணு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருதுடா. பான்சித் நூடுல்ஸ் ரெண்டு தட்டு சாப்பிடுது, பாத்திரம் கழுவித் தருது, நல்ல பொண்ணு. ஆனா உன்னைப் பத்தி கேக்குது பாரு, போலீஸ்காரி தோத்துடுவா. அவன் எப்ப அழுவான், எதுக்குப் பொய் சொல்லுவான், எல்லாம் கேட்டுச்சு." அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன விசாரித்தாய்? அவள் என்ன சொன்னாள்?

வெஸ்

ஆகஸ்ட் 19
ஒமாஹா

வெஸ்லி,

முதலில் எந்த ஊர் என்று கேட்டேன். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், அதில் பதிலாக ஓர் ஊர்ப் பெயர் இல்லை. இதற்குத்தான் எழுத்தில் கேட்டது.

இப்போது வேறு விஷயம். இதை நான் நேரில் சொல்லியிருக்க வேண்டும், நீ கேட்டிருக்க வேண்டும். இரண்டும் நடக்காது போலிருக்கிறது.

விண்ணப்பப் படிவத்தில் துணைவருக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. துணைவரும் கடற்படை மருத்துவர் என்றால் அதில் குறிக்கலாம். குறித்தால் இருவரையும் ஒரே ஊரில் வைக்கப் பார்ப்பார்கள். காதலன், காதலி, நிச்சயம் ஆனவர்கள் எல்லாம் கணக்கில்லை. படிவம் மூடும் நாளுக்குள் சட்டப்படி கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். எங்கள் கல்லூரி அலுவலகத்தில் மிஸஸ் டோலன் சொன்னாள்: "வருஷா வருஷம் செப்டம்பர்ல ரெண்டு ஜோடியாவது கோர்ட்டுக்கு ஓடுதும்மா. மத்தியானம் கல்யாணம், சாயங்காலம் வார்டு டூட்டி. கேக்கை நாங்க வாங்கிருவோம்."

நானும் அதைத்தான் சொல்கிறேன். இங்கே மாவட்டக் கோர்ட்டில் காத்திருக்க வேண்டியதில்லை. அன்றைக்கே முடித்துத் தருகிறார்கள். மோதிரம் வேண்டாம், உன் அம்மாவுக்கு வருத்தம் என்றால் பிறகு தேவாலயத்தில் ஊரைக் கூட்டிச் செய்துகொள்ளலாம்.

இதைப் படித்ததும் உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். தோன்றினால் மறைக்காமல் எழுது.

மேவ்

ஆகஸ்ட் 30
பிலடெல்பியா

மேவ்,

தோன்றியதை எழுதுகிறேன். உனக்கு நான் வேண்டுமா, சான் டியேகோ வேண்டுமா?

கல்யாணம் கேட்டு எழுதிய கடிதத்தில் 'படிவம்' என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று போய்ப் பார். 'ஆசை' என்று ஒரு தடவை வந்திருந்தால் நான் நேற்றே ரயில் ஏறியிருப்பேன்.

ஆனால் நான் இப்படிக் கேட்க யோக்கியதை உள்ளவன் இல்லை. ஒரு வருடத்துக்கு மேலாக உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. இரண்டாம் வருட முடிவில் எழுதும் உரிமத் தேர்வில் நான் முதல் தடவை தோற்றுப்போனேன். இரண்டாம் முறைதான் தேறினேன். அப்போது உன்னிடம் தேர்வைத் தள்ளிப்போட்டதாகச் சொன்னேன். உன் மதிப்பெண்ணைக் கேட்டு எல்லாரும் வாயைப் பிளந்த வாரம் அது. சொல்ல வாய் வரவில்லை, பிறகு சொல்ல வேளை வரவில்லை.

அதனால்தான் போர்ட்ஸ்மவுத்தில் இளித்துக்கொண்டு நின்றேன். சான் டியேகோவில் என்னை எடுக்க மாட்டார்கள் மேவ். உன்னை எடுப்பார்கள். நம் இரண்டு பெயரையும் சேர்த்துக் கட்டினால், மேசையில் உன் தாளுக்கு அடியில் என் தாள் வந்து உட்காரும்.

இப்போதும் கல்யாணம் வேண்டுமா என்று யோசித்துச் சொல்.

வெஸ்

செப்டம்பர் 6
ஒமாஹா

வெஸ்,

நீ தோற்றது எனக்கு ஜூலையிலேயே தெரியும். உன் அம்மா பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பரீட்சையில விழுந்தப்ப மூணு நாள் ரூமை விட்டு வரலை, சோறு தண்ணி இல்லை." எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னாள். நான் தலையாட்டிவிட்டு வெளியே போய்க் காரில் உட்கார்ந்திருந்தேன். நீயாகச் சொல்கிறாயா என்று பார்க்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

வெள்ளி, பதினெட்டாம் தேதி, பதினொன்றேகால் மணி. ஓட்டுநர் உரிமம் கொண்டு வா. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வா.

ஆசை இருக்கிறது. ஒரு தடவை எழுதிவிட்டேன், போதுமா?

மேவ்

அக்டோபர் 4
பிலடெல்பியா

அன்புள்ள மனைவிக்கு,

இப்படி எழுதிப் பார்க்க ஆசையாக இருந்தது. கல்யாணமாகிப் பதினாறு நாள், ஒரு வரி வரவில்லை.

கல்யாணச் சாப்பாட்டு மேசையிலேயே நீ அதைக் கேட்டிருக்க வேண்டாம். மிஸஸ் டோலன் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். நீ என் காதருகே வந்தாய், முத்தம் என்று நினைத்துக் குனிந்தேன். "லிஸ்ட்ல முதல்ல என்ன போடப்போறே?" என்றாய். "ரெண்டும் கடற்கரை ஊர்தானேடி" என்றேன், எல்லாரும் சிரித்தார்கள், நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாய். விமான நிலையத்துக்கு என்னை மிஸஸ் டோலன்தான் கொண்டுவிட்டாள். வழியெல்லாம் அந்த அம்மாள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

படிவத்தை நேற்று அனுப்பிவிட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது. கவலைப்படாதே.

வெஸ்

அக்டோபர் 12
ஒமாஹா

வெஸ்,

'எல்லாம் சரியாக இருக்கிறது' என்றால் என்ன? கட்டத்தில் குறித்தாயா, இல்லையா?

மேவ்

நவம்பர் 17
பிலடெல்பியா

மேவ்,

உன் ஒற்றைவரிக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. இல்லை என்பதுதான் பதில், அதை எழுதப் பயந்தேன். கட்டத்தை வெறுமையாக விட்டு அனுப்பினேன். உனக்கு நல்லது செய்வதாக நினைப்பு. என் தாள் உன் தாளோடு ஒட்டாமல் இருந்தால் உனக்கு இடம் நிச்சயம் என்று. அது பாதி உண்மை. மீதிப் பாதி, உன் பக்கத்தில் வைத்து அந்த மேசைக்காரர்கள் என்னைப் பார்ப்பதில் எனக்கு இருந்த வெட்கம்.

இன்று மத்தியானம் தேர்வு அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் போன் செய்தாள். நான் வார்டு வெளியே, சிற்றுண்டி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"மிஸ்டர் ஓகாம்போ, ஒமாஹாவுல ஒரு பொண்ணு உங்களைப் புருஷன்னு எழுதியிருக்காங்க. நீங்க ஒண்ணும் எழுதலை. உங்களுக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையா?"

"ஆயிடுச்சு மேடம்."

"மறந்துட்டீங்களாக்கும். சரி, இன்னொண்ணு. கட்டத்துல டிக் போட்டா அடியில ஒரு கேள்வி வரும், நீங்க அதைப் பார்த்திருக்க மாட்டீங்க. 'ஒன்றாக இருத்தல் முதலா, துறை முதலா?' உங்க மனைவி 'ஒன்றாக இருத்தல் முதல்'னு போட்டிருக்காங்க. நீங்களும் சம்மதம்னா, ரெண்டு பேரும் எங்க பொருந்துறீங்களோ அங்க, துறை அப்புறம்தான். சம்மதம் இல்லைன்னா ரெண்டு பேப்பரும் தனித்தனியா போகும். நாளைக்குக் காலையில குழு உட்கார்றாங்க. அஞ்சு மணிக்குள்ள சொல்லணும்."

சான் டியேகோவா நானா என்று ஆகஸ்டில் உன்னைக் கேட்டேனே, அதற்கு நீ படிவத்தில் பதில் எழுதியிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்று மணியிலிருந்து உன்னைப் பதினோரு தடவை கூப்பிட்டேன். 'அவசரம், படிவம் பற்றி, ஐந்துக்குள் பேசியாக வேண்டும்' என்று செய்தியும் அனுப்பினேன். நீ ஆபரேஷன் அறையில் இருந்திருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். வேறு மாதிரி நினைக்க இன்று எனக்குத் தெம்பில்லை.

தனித்தனியாகப் போகட்டும் என்றால் உனக்கு சான் டியேகோ. அது எனக்குத் தெரியும். சேர்ந்து என்றால் என் தோல்வி உன் காலிலும் கட்டப்படும். நாலே முக்காலுக்கு அந்த அம்மாளைக் கூப்பிட்டேன். துறை முதல் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் நீ எழுதியதை உன்னைக் கேட்காமல் மறுபடியும் நான் அடித்துப் போடுவதா? ஒரு தடவை அப்படிச் செய்துதான் இந்தச் சிக்கலே.

"என் மனைவி எழுதினபடியே இருக்கட்டும் மேடம்" என்றேன்.

சரியா தப்பா என்று தெரியவில்லை. திட்டுவதாக இருந்தாலும் எழுது.

வெஸ்

டிசம்பர் 13
ஒமாஹா

வெஸ்,

முடிவு உனக்கும் வந்திருக்கும். இருவருக்கும் போர்ட்ஸ்மவுத், பொதுப் பயிற்சி, ஒரு வருடம். அதற்குப் பிறகு கப்பலா, முகாமா என்பது கடற்படையின் இஷ்டம். மயக்கவியல் இல்லை. ரென்ஷா செய்தி அனுப்பியிருந்தாள்: "எங்க லிஸ்ட்ல ஆறு பேர்ல உன் பேர் மூணாவதா இருந்துச்சுடி. என்னடி பண்ணித் தொலைச்சே?"

கல்லூரி வண்டி நிறுத்துமிடத்தில் காரை மூடிக்கொண்டு இரண்டு மணி நேரம் அழுதேன். அந்த இடம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று உனக்குத் தெரியாது. ஒருவனைத் தூங்கவைத்து, அவன் மூச்சை என் கையில் வாங்கி, பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கிற வேலை. அதைத் தவிர வேறெதிலும் எனக்கு இப்படி மனசு நின்றதில்லை.

உன் நவம்பர் கடிதத்துக்கு நான் ஏன் பதில் எழுதவில்லை என்று இப்போது சொல்கிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் உனக்கு ஒருநாளும் தெரியப் போவதில்லை. நீ என்னை உத்தமி என்று நினைத்துக்கொண்டே கிழவனாவாய். எனக்கு அது வேண்டாம்.

தேர்வு அலுவலகத்து அம்மாள் அன்றைக்கு உனக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டாள், காலை பத்து மணிக்கு. நீ கட்டத்தைக் காலியாக விட்டதைச் சொன்னாள். "அவர்கிட்டயும் கேப்போம். நீங்க போட்டதை மாத்தணுமாம்மா, இல்ல அப்படியே இருக்கட்டுமா?" என்று கேட்டாள். மாற்றியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். "அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

ஏன் தெரியுமா? நீ மறுப்பாய் என்று நம்பினேன். கட்டத்தையே காலியாக விட்டவன், அடியில் இருக்கும் கேள்விக்கா சம்மதிக்கப் போகிறான்? நீ 'துறை முதல்' என்பாய், தாள்கள் பிரியும், சான் டியேகோ எனக்கு வரும், பழி உனக்குப் போகும். காலமெல்லாம் 'நான் உன்னைத்தான் முதலில் எழுதினேன், நீதான் அடித்தாய்' என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். படிவத்தில் முதலில் அதைக் குறித்தபோதும் இந்த எண்ணம் இருந்ததா? இல்லை என்று சத்தியம் செய்ய முடியவில்லை.

நான் ஆபரேஷன் அறையில் இல்லை. உணவுக்கூடத்தில் சோளச் சூப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் பெயர் பதினோரு தடவையும் வந்தது. செய்தியைப் படித்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன். எடுத்தால் நீ என்னைக் கேட்பாய், கேட்டால் நான்தான் சொல்ல வேண்டும். அது எனக்கு வேண்டாம் என்றுதான் எடுக்கவில்லை.

ஐந்து மாதமாக உன்னைத் துருவித் துருவிச் சந்தேகப்பட்டேன். நான் பயந்த ஆள் நான்தான்.

இனி நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

மேவ்

டிசம்பர் 22
போர்ட்ஸ்மவுத்

மேவ்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான்கு நாள் கோபத்தில் இருந்தேன். அம்மாவிடம்கூடப் பேசவில்லை. அந்த நாலே முக்கால் மணியை நான் ஒரு மாதமாகப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீ எனக்கென்று எழுதியதைக் காப்பாற்றிவிட்டேன் என்று. நீ அந்தப் பக்கம் போனைக் கவிழ்த்துக்கொண்டு, நான் கைவிடுவதற்காகக் காத்திருந்திருக்கிறாய். வலிக்கிறது. இன்னும் சில மாதம் வலிக்கும் என்று நினைக்கிறேன், நடுவில் நான் சிடுசிடுத்தால் பொறுத்துக்கொள்.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சம்மதம் என்று சொன்னபோது உனக்கு இடம் போகும் என்று தெரியும் என்று எழுதினேன் அல்லவா? தெரிந்தபோது மனசில் ஒரு மூலையில் சந்தோஷமாகவும் இருந்தது. நீயும் தோற்றால் நாம் சமம். இதை நான் உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்கே ஒப்புக்கொண்டேன்.

பயிற்சி வருடத்தில் மறுபடியும் விண்ணப்பிக்கலாமாம், விசாரித்துவிட்டேன். அப்போது இரண்டு தாளும் தனித்தனியாகப் போகட்டும். நீ சான் டியேகோ போ. என்னைக் கப்பலில் ஏற்றினால் ஏறுகிறேன். இதில் தியாகம் ஒன்றும் இல்லை. உன்னிடமிருந்து ஒன்றைப் பறித்துக்கொண்டு பக்கத்தில் படுக்க எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

நேற்று ஆறு மணி நேரம் காரோட்டி இங்கே வந்தேன். ஆற்றோரம் ஒரு வீட்டின் மாடி, ஜூனிலிருந்து வாடகைக்கு. கடற்படைக்காரர்கள் இப்போதே பிடித்துவிடுவார்கள் என்றார்கள். வீட்டுக்காரி மிஸஸ் பிளாண்டன், எழுபது வயது இருக்கும், என்னைச் சமையலறையில் உட்காரவைத்துக் காபி கொடுத்துவிட்டுத் தன் பித்தப்பை ஆபரேஷன் கதையை ஆரம்பித்தாள்.

"வெட்டுன டாக்டர் மூஞ்சியே எனக்கு ஞாபகம் இல்லப்பா. தூங்கவெச்ச டாக்டரம்மா மட்டும்தான் என் கையைப் பிடிச்சிட்டு நின்னாங்க. நான் கண்ணை மூடுற வரைக்கும் விடலை. உங்க மனைவியும் டாக்டருன்னீங்களே, அவங்க என்ன டாக்டர்?"

"அதே டாக்டர்தாங்க" என்றேன்.

அவள் எழுந்துபோய் மாடிச் சாவியை எடுத்து வந்து, கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள் என்று கையில் கொடுத்துவிட்டாள். நீ இன்னும் அந்த டாக்டர் ஆகவில்லை என்று நான் திருத்தவில்லை.

வெஸ்